நாட்குறிப்பு எழுதுவது எப்படி: முதல் வரியிலிருந்து பழைய பக்கங்களைத் திரும்பிப் படிப்பது வரை

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் கோவிட் கிருமிப்பரவலை முறியடிக்கும் கட்டுப்பாடுகள் தொடங்கி, ஜூன் 1 வரை நீடித்தன. நான் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். அத்தியாவசியச் சேவை என்பதால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஈசூனில் ரயில் ஏறினால் பெட்டிக்கு மூன்று நான்கு பேர்தான் இருப்போம். ஒன்றுவிட்டு ஒரு இருக்கையில் உட்காரக்கூடாது என்று ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் பேச ஆளில்லை. பையில் மகளுக்கு வாங்கிய, எழுதாத பள்ளி நோட்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து, "இன்றைக்கும் மழை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. மூடி வைத்துவிட்டேன். மறுநாள் இன்னொரு வரி எழுதினேன்.

அந்தப் பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. இடையில் மாதக்கணக்கில் விட்டுப்போனதும் உண்டு, திரும்பப் பிடித்ததும் உண்டு. ஜனவரி முதல் தேதி அழகான டைரி வாங்கி, தைப்பூசத்துக்குள் நிறுத்திவிட்டவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எழுதினால் என்ன கிடைக்கும்?

"மனசு லேசாகும்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் உடனே ஆகாது, எப்படி எழுதினாலும் ஆகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் இரண்டாம் வாரமே சலித்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்கள் 46 பேரை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரணத் தலைப்பு. மற்றவர்களுக்கு வாழ்க்கையில் தங்களை உலுக்கிய ஒரு சம்பவம். 1986இல் வெளியான அந்த ஆய்வில், நடந்ததையும் அப்போது மனத்தில் ஓடியதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருந்தகத்துக்குப் போனது குறைந்திருந்தது. நடந்ததை மட்டும் செய்தி போல எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது. நன்மை பிறகுதான் வந்தது.

பின்னாளில் இப்படிப்பட்ட எழுத்துகளைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அதிகப் பலன் பெற்றவர்களின் பக்கங்களில், "ஏனென்றால்", "அதனால்", "இப்போது புரிகிறது" என்ற வகைச் சொற்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. முதல் நாள் வெறும் கொட்டல். நான்காம் நாள் அது கதையாகியிருக்கும்: எதனால் எது நடந்தது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்கும். நாட்குறிப்பின் பலன் அந்த "ஏனென்றால்" என்ற சொல்லில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தச் சொல்லுக்கு வந்து சேரும் வழிதான்.

வேலை போனவர்களுக்கும் இது உதவியிருக்கிறது. ஆட்குறைப்பில் வேலையிழந்த நடுவயதுப் பொறியாளர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. வேலை போனதைப் பற்றிய எண்ணங்களையும் உணர்வுகளையும் ஐந்து நாள் எழுதியவர்களில், சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, எழுதாதவர்களைவிட அதிகம் பேர் வேறு வேலையில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் கூடுதலாக வேலை தேடி அலைந்ததால் வந்த வித்தியாசம் இல்லை அது. கோபத்தைத் தாளில் இறக்கிவிட்டுப் போனவருக்கு நேர்முகத் தேர்வில் முகம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

முதலில் மொழியை முடிவு செய்யுங்கள்

நோட்டு வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. சிங்கப்பூரில் நம்மில் பலருக்குப் பகல் முழுக்க ஆங்கிலம். மின்னஞ்சல், மீட்டிங், பிள்ளையின் பள்ளிக் கடிதம் எல்லாமே அதில்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தமிழ் திரும்பி வருகிறது. அழுகையும் கோபமும் அந்தத் தமிழில்தான் வரும். நீங்கள் எந்த மொழியில் கோபப்படுகிறீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள்.

"தமிழில் எழுதி இருபது வருஷம் ஆச்சு, எழுத்துப்பிழை வரும்" என்று தயங்குபவர்கள் அதிகம். வரட்டும். யாரும் திருத்தப்போவதில்லை. தமிழ் நாட்குறிப்பு என்றதும் நினைவுக்கு வரும் ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பெரிய மனிதர். கப்பல் வந்தது, சரக்கு போனது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று அவர் எழுதியதெல்லாம் அன்றைக்குப் புழங்கிய பேச்சுத் தமிழில்தான். இலக்கணம் பார்த்து உட்கார்ந்திருந்தால் இருபத்தைந்து ஆண்டு எழுதியிருக்க முடியுமா?

ஆகவே கலந்து எழுதுங்கள். "எல்லார் முன்னாடியும் திட்டிட்டார், ரொம்ப பாய்சே ஆயிடுச்சு" (வெட்கமாகிவிட்டது) என்று மனத்தில் ஓடினால் அப்படியே எழுதுங்கள். "சியான்" (சலிப்பு) என்று தோன்றினால் அதற்குத் தூய தமிழ்ச்சொல் தேட வேண்டாம். தேடும் நேரத்தில் உணர்வு ஓடிவிடும். தமிழ் எழுத்தே வராது என்றால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுங்கள். அதுவும் உங்கள் மொழிதான்.

நோட்டா, கைத்தொலைபேசியா?

எது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதோ அது. எனக்குக் கையால் எழுதினால் வேகம் குறைகிறது, யோசிக்க இடம் கிடைக்கிறது, அதனால் நோட்டு. இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் கோடு போட்ட நோட்டே போதும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் அழகழகான டைரிகள் இருக்கின்றன. ஆனால் விலை கூடினால் கையெழுத்தும் நன்றாக இருக்க வேண்டும் என்ற பயம் வந்துவிடும். தேதி அச்சிட்ட டைரி வேண்டவே வேண்டாம். நான்கு நாள் எழுதாவிட்டால் நான்கு வெற்றுப் பக்கங்கள் உங்களைக் குற்றம் சொல்லும்.

தொலைபேசி என்றால் அதிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலியைப் பயன்படுத்தலாம். எழுத வராதவர்கள் பேசியே பதிவு செய்யலாம். தங்குவிடுதியில் ஓர் அறையில் பலரோடு இருக்கும் தம்பிகளுக்கும், தேசிய சேவைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் தொலைபேசிதான் தோது. பூட்டும் உண்டு, எடுத்துப் படிக்கவும் ஆளிருக்காது.

எப்போது, எங்கே?

"தினமும் இரவு பத்து மணி" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஷிப்ட் மாறும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அந்த மணி தவறும். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு எழுதுவதைக் கட்டிவிடுங்கள். எனக்கு அது ரயில். உட்கார இடம் கிடைத்தால் எழுதுவேன். என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா, காப்பிக் கடையில் கோப்பி ஓ ஆறுகிற நேரத்தில் எழுதுகிறார். ஐந்து நிமிடம் தாராளம்.

இடம்தான் பெரிய சிக்கல். மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டுதான். அதில் பெற்றோர், பிள்ளைகள், சிலசமயம் பாட்டியும். எழுத உட்கார்ந்தால் "என்ன எழுதுற?" என்று யாராவது கேட்பார்கள். நேராகவே சொல்லிவிடுங்கள்: "டைரி எழுதுறேன், படிக்காதீங்க." மறைத்தால்தான் எடுத்துப் பார்க்கத் தோன்றும். அதுவும் சரிப்படாது என்றால் கீழ்த்தளத்து மேசை இருக்கிறது, நூலகம் இருக்கிறது. நோட்டை வேலையிடத்து லாக்கரில் வைக்கலாம். மிகவும் அந்தரங்கமானதைத் தனித்தாளில் எழுதிக் கிழித்துப் போட்டாலும் சரிதான். எழுதியதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் இரண்டு வாரம்: மூன்று வரிக்கு மேல் வேண்டாம்

தொடக்கத்தில் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள்தான் சீக்கிரம் நிறுத்துகிறார்கள். தேதி, கிழமை, எழுதும் இடம். பிறகு இன்றைக்கு நடந்த ஒன்று. அப்புறம் அதைப் பற்றி எனக்கு என்ன தோன்றியது. முடிந்தது.

"செவ்வாய், ரயிலில். தேக்காவில் முருங்கைக்காய் வாங்கினேன். அம்மா நிறையப் போட்டுக்கொண்டார்கள். சந்தோஷம்." இந்த அளவு போதும். கிழமையையும் இடத்தையும் கட்டாயம் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் அதை ஈடுகட்டப் பழையதை எழுத உட்காராதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு இன்றையதை எழுதுங்கள்.

மனத்தில் முள் இருந்தால்: நான்கு நாள் எழுத்து

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. தினமும் செய்ய வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று மனத்தில் தைத்துக்கொண்டு, பல்லில் சிக்கிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும்போது செய்யுங்கள். நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம். தொலைபேசியில் நேரம் வைத்துவிட்டு, நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லை என்றால் கடைசி வரியையே திரும்ப எழுதுங்கள், அடுத்தது வந்துவிடும்.

நான் எழுதியதையே சொல்கிறேன். அம்மா குளியலறையில் விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை, முழங்கால் வீங்கிவிட்டது. நான் அப்போது வேலையில் இருந்தேன்.

முதல் நாள் முழுக்க நடந்ததை எழுதினேன். போன் வந்தது, டாக்சி கிடைக்கவில்லை, கை நடுங்கியது. இரண்டாம் நாள் அக்கா மேல் கோபம். ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து வாரம் ஒருமுறைகூட வருவதில்லை, எல்லாம் என் தலையில் என்று ஒன்றரைப் பக்கம். மூன்றாம் நாள் அதே கோபத்தைத்தான் தொடங்கினேன். "எனக்கு அக்கா மேல் இவ்வளவு கோபம், ஏனென்றால்" என்று எழுதி, பேனா நின்றது. நின்று, "குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது நான். வைக்காததும் நான்" என்று வந்தது. ரயிலில் அழுதுவிட்டேன். நான்காம் நாள் எழுதியது அரைப் பக்கம்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) முதியோர் வீடுகளுக்குக் கைப்பிடிக் கம்பி பொருத்தித் தரும் திட்டம் இருக்கிறது, விண்ணப்பம் போட வேண்டும், அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும்.

அக்காவின் மேல் நான் சுமத்தியது என் குற்ற உணர்வு என்பதை வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என் கையெழுத்தே சொன்னதால் கேட்டுக்கொண்டேன்.

நான்கு நாளுக்கும் இப்படி வைத்துக்கொள்ளலாம்: முதல் நாள் என்ன நடந்தது, இரண்டாம் நாள் என்ன தோன்றியது, மூன்றாம் நாள் ஒவ்வொரு வாக்கியத்தையும் "ஏனென்றால்" போட்டு நீட்டுவது, நான்காம் நாள் இனி என்ன. மூன்றாம் நாள் எழுத்து நகரவில்லை என்றால் "நான்" என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைப் போட்டு எழுதிப் பாருங்கள். "அவள் அன்றைக்கு ஏன் அப்படிக் கத்தினாள்?" என்று ஒரு தோழியைப் பற்றி எழுதுவதுபோல. ஈத்தன் கிராஸ் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் இப்படித் தன்னிடமிருந்து சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். தள்ளி நின்றால் கொதிப்பு அடங்கி, நடந்தது தெளிவாகத் தெரிகிறது.

எப்போது நிறுத்த வேண்டும்

நான்கு நாள் எழுதியும் அதே வரிகள், அதே கோபம், "ஏனென்றால்" என்ற சொல்லே வரவில்லை என்றால் அந்த விஷயத்தை மூடி வையுங்கள். புண்ணைத் திரும்பத் திரும்பச் சொறிவது மருந்து ஆகாது. சாவு, விபத்து போன்ற பெரிய அடி விழுந்த சில நாளிலேயே இதைச் செய்யவும் வேண்டாம். அப்போது தேவைப்படுவது தூக்கம், சாப்பாடு, பக்கத்தில் ஓர் ஆள். எழுதும்போது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் நோட்டை வைத்துவிட்டு, யாரிடமாவது உடனே பேசுங்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

சின்னச் சின்ன வேலைக்கும் நோட்டு உதவும்

தூக்கம் வராதவர்களுக்கு: படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், நாளைக்கும் அடுத்த சில நாளைக்கும் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்படி எழுதியவர்கள் முடித்துவிட்ட வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். "அம்மா மருந்து" என்று எழுதாதீர்கள். "புதன் காலை பலதுறை மருந்தகத்தில் அம்மாவின் பிரஷர் மாத்திரை, அட்டை எடுத்துப் போகணும்" என்று எழுதுங்கள்.

உடம்புக்கு: தலைவலி, சர்க்கரை அளவு, எந்த நாள் கால் வீங்கியது என்று ஓரத்தில் குறியுங்கள். மருத்துவர் "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் நாம் பெரும்பாலும் "கொஞ்ச நாளா" என்போம். தேதியோடு சொன்னால் அவருக்கும் உதவி, நமக்கும் உதவி.

நன்றி சொல்லும் பழக்கம்: உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றியோடு நினைக்கும் ஐந்து விஷயங்களைப் பத்து வாரம் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். நான் வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். தினமும் எழுதியபோது "குடும்பம், ஆரோக்கியம்" என்று மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. "மேல்மாடி சீனப் பாட்டி மழை வருமுன் என் துணியை எடுத்துக் கொடுத்தார்" என்பது போல ஒரு முகம் தெரிய வேண்டும்.

திரும்பிப் படித்தல்

பலரும் எழுதுவதோடு விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிப் பலன் திரும்பிப் படிப்பதில்தான். மாதம் ஒருமுறை, ஓய்வுநாள் ஒன்றில், பென்சிலோடு உட்காருங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர், கிழமை, இடம் ஆகியவற்றைச் சுழியுங்கள்.

முதல்முறை மூன்று மாதத்தைச் சேர்த்துப் படித்தபோது, வீட்டில் நான் போட்ட சண்டை எல்லாம் இரவு ஷிப்டின் இரண்டாம் நாளில் இருந்தது. ஒன்று பாக்கியில்லை. கணவர் அன்றைக்கு மட்டும் மோசமானவராக மாறவில்லை. நான்தான் அன்றைக்கு மூன்று மணி நேரம் தூங்கியிருந்தேன். கிழமையைப் போடச் சொன்னது இதற்காகத்தான். இப்போது அந்த நாளில் முக்கியமான பேச்சு எதையும் எடுப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

இன்னொரு பக்கத்தில், "அக்கா இந்த மாதம் ஒரு போன்கூடப் பண்ணவில்லை" என்று எழுதியிருந்தேன். அதற்கு மூன்று பக்கம் முன்னால் பார்த்தால், "அக்கா போன் பண்ணினாள், அம்மாவோடு அரைமணி நேரம் பேசினாள்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது, அதுவும் அதே மாதத்தில் இரண்டு முறை. மனம் தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறது. நோட்டு தள்ளுவதில்லை.

படிக்கும்போது பழையதைத் திருத்தாதீர்கள், கிழிக்காதீர்கள். சொல்ல ஏதாவது இருந்தால் ஓரத்தில் இன்றைய தேதியிட்டு எழுதுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காலியாக வைத்து, "அம்மா விழுந்தது: பக்கம் 34" என்பது போலக் குறித்துக்கொண்டால் தேடுவது எளிது.

பாதுகாப்பது

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். நோட்டைச் சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மேல்தட்டில் வையுங்கள். சாதாரணப் பால்பாயிண்ட் பேனா நல்லது, தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாது. கடை ரசீதையோ சினிமா டிக்கெட்டையோ ஒட்டினால் பக்கத்திலேயே விவரத்தைக் கையால் எழுதிவிடுங்கள். அந்த வெப்பத்தாள் அச்சு சில ஆண்டில் வெளுத்துப்போகும். தொலைபேசியில் எழுதுபவர்கள் மாதம் ஒருமுறை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும்.

கடைசியாக, உங்களுக்குப் பிறகு அவை யாருக்கு என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். என் டப்பாவில் இப்போது பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்பதை மகள் படிக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட இரண்டைப் பிரிக்காமல் கிழித்துவிட வேண்டும் என்று அவளிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டு, முதல் நோட்டை எடுத்துப் புரட்டினாள். "இன்றைக்கும் மழை" என்று இருந்தது. "அன்னைக்கு எனக்கு வீட்டிலிருந்து பாடம்மா, நீ வர்ற வரைக்கும் ஜன்னல்கிட்டயே நின்னேன்" என்றாள். அது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேதியிட்டு எழுதிக்கொண்டேன்.